வாடி நிற்கும் பூச்செடிகளைக் கவாத்து செய்து மீட்பது எப்படி: சென்னை வீட்டுத் தோட்டத்துக்கான முழுமையான வழிகாட்டி

செடி பூக்காமல் நோஞ்சானாக நின்றால் எல்லாருடைய கையும் முதலில் போவது கத்தரிக்குத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டையாக வெட்டிவிட்டு, அதே கையோடு இரண்டு பிடி உரத்தையும் போட்டு, ஒரு வாளித் தண்ணீரையும் ஊற்றிவிடுகிறார்கள். பதினைந்து நாளில் மிச்சமிருந்த குச்சியும் காய்ந்துவிடுகிறது. மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் மட்டும் இப்படிப் போன செம்பருத்திகள் நான்கைந்து இருக்கும்.

அவர்கள் செய்த எந்த வேலையும் தனியாகப் பார்த்தால் தப்பில்லை. வரிசைதான் தப்பு. முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம் வேரைச் சரிசெய்ய வேண்டும், அதன் பிறகுதான் கவாத்து, அதாவது கத்தரி எடுத்துக் கிளைகளை அளவாக வெட்டுவது. உரம் எல்லாவற்றுக்கும் கடைசி. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். செம்பருத்தி, குண்டுமல்லி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, அரளி, காகிதப்பூ ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். நம் ஊர் வீடுகளில் அதிகம் இருப்பதும், அதிகம் தவறாக வெட்டப்படுவதும் இவைதான்.

1. உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்

இலை இல்லாத கிளை எல்லாம் செத்த கிளை அல்ல. கிளையின் நுனியிலிருந்து தொடங்கி நகத்தால் தோலை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் அந்த இடம் போய்விட்டது, இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். பச்சை தொடங்கும் இடத்தில் ஒரு நூல் கட்டி வையுங்கள். பின்னால் வெட்டும்போது எங்கே நிறுத்துவது என்று தடுமாற வேண்டியிருக்காது.

அடித்தண்டு வரை பழுப்பாகவே இருந்தாலும் உடனே பிடுங்க வேண்டாம். நந்தியாவட்டை, அரளி, மல்லி மூன்றும் மண்ணுக்கு அருகிலிருந்து மறுபடி துளிர்க்கக் கூடியவை. இரண்டு மாதம் காத்திருந்து பாருங்கள்.

2. ஏன் நலிந்தது என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள், நான் மிகவும் வற்புறுத்துவதும் இதைத்தான். காரணம் அப்படியே இருக்கும்போது வெட்டினால், செடி தன்னிடம் மிஞ்சியிருக்கும் சேமிப்பைச் செலவு செய்து ஒருமுறை துளிர்க்கும், அந்தத் துளிரும் அதே காரணத்தால் வாடும், அடுத்த முறை துளிர்க்க அதனிடம் ஒன்றும் இருக்காது.

முதலில் தண்ணீர். ஒரு சாண் ஆழத்துக்கு ஒரு குச்சியைச் செருகி எடுத்துப் பாருங்கள். மேல்மண் காய்ந்து, உள்ளே சேறாக இருந்தால் தினமும் ஊற்றுவதை நிறுத்துங்கள். வேர் அழுகினாலும் இலை தொங்கும், தண்ணீர் இல்லாமல் போனாலும் இலை தொங்கும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கி நின்றது. வடிந்த ஒரு வாரத்தில் நந்தியாவட்டையின் இலைகள் துவண்டு தொங்க, வெயிலில் வாடுகிறது என்று நினைத்து வீட்டில் எல்லாரும் மாற்றி மாற்றித் தண்ணீர் ஊற்றினோம். காற்றில்லாமல் மூச்சு முட்டியிருந்த வேருக்கு மேலும் தண்ணீர். அந்தச் செடி பிழைக்கவில்லை.

அடுத்தது மண். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் பக்கம் களிமண், தண்ணீர் இறங்காது. திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம் போன்ற கடலோரப் பகுதிகளில் மணல், ஊற்றியது நிற்காது. உங்கள் மண் எந்த வகை என்று தெரியாவிட்டால் செடியிலிருந்து இரண்டடி தள்ளி ஓரடி ஆழத்தில் ஒரு குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் வடிகால் இல்லை. சில நிமிடங்களில் காணாமல் போனால் மண்ணுக்கு மட்கு வேண்டும்.

மூன்றாவது உப்பு. போர் தண்ணீர் வாயில் கரித்தால் செடிக்கும் அது ஒத்துக்காது. தொட்டி விளிம்பிலும் மண்மேலும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கிறதா, இலையின் ஓரம் மட்டும் தீய்ந்தது போல இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைத் தினமும் செடிக்கு ஊற்றுகிறவர்கள் நிறைய. வடிகட்டிப் பிரித்த உப்பு எல்லாம் அதில்தான் இருக்கிறது. அதை வாசல் கழுவப் பயன்படுத்துங்கள். ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் அப்படியல்ல, அது காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, உப்பு கிடையாது. பிடித்து வைத்துத் தாராளமாக ஊற்றலாம்.

நான்காவது இலையின் நிறம். நுனியில் வரும் இளம் இலைகள் வெளிறி மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. இட்லிப்பூவில் இது மிக அதிகம். மதிலை ஒட்டி நட்டிருப்போம், கட்டட வேலையில் கொட்டிய சிமென்ட்டும் சுண்ணாம்பும் அந்த மண்ணில் கலந்து காரத்தன்மையைக் கூட்டியிருக்கும், மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அடி இலைகள் முதலில் முழுவதும் மஞ்சளானால் அது வேறு கதை, தழைச்சத்துக் குறையோ அதிகத் தண்ணீரோ காரணமாக இருக்கும்.

கடைசியாக வெளிச்சம். மூன்று வருடம் முன்பு நன்றாகப் பூத்த செடி இப்போது இலையாகவே இருந்தால் அண்ணாந்து பாருங்கள். பக்கத்து மனையில் மாடி எழும்பியிருக்கும். செம்பருத்திக்கும் மல்லிக்கும் காகிதப்பூவுக்கும் ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். அது இல்லாத இடத்தில் எப்படி வெட்டினாலும் பூ வராது, செடியை இடம் மாற்றுவதுதான் வழி.

3. வேரைச் சரிசெய்யுங்கள், மூன்று வாரம் பொறுங்கள்

அடித்தண்டைச் சுற்றிக் குவித்திருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். தண்டும் வேரும் சேரும் இடம் காற்றுப்பட இருக்க வேண்டும், மூடினால் பட்டை அழுகும். குடியிருப்புகளில் நடைபாதைக் கல் பதிக்கும்போது செடியின் கழுத்துவரை கல்லை நெருக்கிவிடுகிறார்கள். குறைந்தது ஒன்றரை அடி வட்டத்துக்குக் கல்லைப் பெயர்த்து மண்ணைத் திறந்துவிடுங்கள்.

களிமண்ணாக இருந்தால் செடியைச் சுற்றி ஒன்றரை அடி தள்ளி, இரும்புக் கம்பியால் ஆங்காங்கே ஓரடி ஆழத்துக்குத் துளையிட்டு, மணலும் மண்புழு உரமும் கலந்து துளைகளை நிரப்புங்கள். இது வேருக்குக் காற்றுப் போகும் வழி. செடியை ஒட்டிக் கொத்திக் கிளறாதீர்கள், தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன.

தொட்டியில் உப்புப் படிந்திருந்தால் மேலே உள்ள பொருக்கைச் சுரண்டி எறிந்துவிட்டு, மெட்ரோ தண்ணீரையோ சேமித்த மழைநீரையோ அடித் துளை வழியாக வடிய வடிய மெதுவாக ஊற்றுங்கள். தொட்டி கொள்ளும் அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் இறங்க வேண்டும், அப்போதுதான் உப்புக் கரைந்து வெளியேறும்.

வேர் தொட்டிக்குள் சுருண்டு நெருக்கிப் போயிருந்தால் செடியை எடுத்து, வெளிச்சுற்று வேர்களை ஓரங்குலம் சீவிவிட்டு, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம், கழுவிய தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்த புது மண்ணில் வையுங்கள். நார்த்தூளைக் கழுவாமல் போடக் கூடாது, அதிலும் உப்பு இருக்கும். காகிதப்பூவை மட்டும் வேர் மண் உதிராமல் அப்படியே தூக்கி மாற்றுங்கள், அதன் வேர் சட்டென அறுந்துவிடும், சீவும் வேலையெல்லாம் அதற்கு வேண்டாம்.

இதெல்லாம் செய்தபின் மூன்று வாரம் கத்தரியைத் தொடாதீர்கள். எங்காவது ஒரு சின்னத் துளிர் எட்டிப் பார்த்தால் வேர் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

4. மாதத்தைப் பாருங்கள்

சென்னையில் கவாத்துக்கு நல்ல காலம் இரண்டு. மழை ஓய்ந்த மார்கழிப் பின்பாதியிலிருந்து மாசிப் பாதிவரை ஒன்று, ஆடி ஆவணியில் மாலை மழை விழுகிற நாட்கள் இன்னொன்று. முதலாவதுதான் சிறந்தது, மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் ஏறும்போது துளிர் தானாக வேகம் பிடிக்கும்.

சித்திரை வைகாசியில் வெட்டாதீர்கள். அதுவரை இலை நிழலில் இருந்த பட்டை திடீரென்று கத்திரி வெயிலில் வெந்து வெடிக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் வேண்டாம், வெட்டுவாய் ஆறுவதற்குள் பூஞ்சை பிடித்துக் கிளை மேலிருந்து கீழே கருகிக்கொண்டே வரும். காய்ந்த கிளையை மட்டும் எந்த மாதமும் எடுக்கலாம்.

5. கையில் இருக்க வேண்டியவை

கவாத்துக் கத்தரியில் இரண்டு வகை உண்டு. ஒரு கத்தி இன்னொன்றை உரசிக்கொண்டு தாண்டிப் போகும் வகையை வாங்குங்கள். ஒரு கத்தி தட்டையான பட்டைமேல் வந்து உட்காரும் வகை பச்சைக் கிளையை நசுக்கிவிடும், நசுங்கிய இடம் அழுகும். விரல் கனத்துக்கு மேற்பட்ட கிளைக்குச் சின்னக் கைரம்பம். சமையலறைக் கத்தியும் அரிவாளும் வேண்டாம்.

ஒரு துணி, கொஞ்சம் ஸ்பிரிட். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போது கத்தியைத் துடைத்துவிட்டுப் போங்கள், நோயைச் செடிக்குச் செடி சுமந்து போவது பெரும்பாலும் நம் கத்தரிதான். கையுறை கட்டாயம், காகிதப்பூவின் முள்ளுக்காக மட்டுமில்லை, அரளியின் பாலுக்காகவும். அரளி முழுச்செடியும் நஞ்சு. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், நடுவில் கண்ணைத் தேய்க்காதீர்கள்.

6. முதல் சுற்று: காய்ந்தது, நோயுற்றது, உரசுவது

நூல் கட்டிய இடங்களில் காய்ந்த பகுதியை எடுங்கள். வெட்டிய முகத்தைப் பாருங்கள், நடுவில் பழுப்பு வட்டம் தெரிந்தால் நோய் இன்னும் கீழே இருக்கிறது, வெட்டுமுகம் முழுக்க வெளுப்பாகத் தெரியும்வரை இறங்குங்கள். அப்புறம் ஒன்றோடொன்று உரசும் கிளைகளில் மெலிந்ததை எடுங்கள். உள்நோக்கி வளர்வதையும் எடுங்கள்.

பல செடிகளுக்கு இதுவே போதும். நான் உதவிக்குப் போன வீடுகளில் பாதியில் இந்தச் சுற்றோடு நிறுத்திவிட்டேன், நடுவில் வெளிச்சமும் காற்றும் புகுந்ததுமே செடி தானாகத் தேறிவிட்டது.

7. இரண்டாம் சுற்று: உயிருள்ள கிளை

ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். இலைதான் செடியின் அடுப்படி. ஏற்கெனவே இளைத்த செடியில் இலை முழுவதையும் எடுத்துவிட்டால் துளிர்விடச் சாப்பாடு எங்கிருந்து வரும்? முதலில் வயதான, கனத்த, பூ குறைந்த கிளைகளை அடியோடு எடுங்கள். மேலே மட்டும் மட்டமாகச் சீவினால் உச்சியில் குடைபோல அடர்ந்து, உள்ளே சுள்ளியாகிவிடும்.

வெட்ட வேண்டிய இடம்: வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே, அரை சென்டிமீட்டர் விட்டு, சாய்வாக. கணுவை ஒட்டி வெட்டினால் முளை காய்ந்துவிடும். இரண்டங்குலம் விட்டு வெட்டினால் அந்த மிச்சக் குச்சி செத்து, கரையானுக்கும் பூஞ்சைக்கும் வாசலாகிவிடும். புதிதாகச் செய்கிறவர்கள் பயத்தில் இந்த இரண்டாவது தப்பைத்தான் செய்கிறார்கள்.

கனத்த கிளை என்றால் முதலில் அடிப்பக்கத்தில் கால்வாசி ரம்பம் போட்டு, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்து, கடைசியில் மிச்சத்தைச் சீராக எடுங்கள். நேராக மேலிருந்து அறுத்தால் கிளை தன் பாரத்தில் சாயும்போது பட்டையைத் தண்டுவரை உரித்துக்கொண்டு போகும், அந்தக் காயம் ஆறுவது கடினம். பெரிய வெட்டுகளுக்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைத் தண்ணீரில் குழைத்துத் தடவலாம். சாணியைப் பூச வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

8. செடிக்குச் செடி மாறுவது

செம்பருத்தி புதுத் துளிரின் நுனியில்தான் பூக்கும், அதனால் வெட்டாமல் விட்டால் பூ மேலே மேலே போய்க்கொண்டிருக்கும். மூன்றில் ஒரு பங்கு கணக்கைத் தாண்டாமல் பாதிக் கிளைகளைத் தை மாதத்தில் வெட்டுங்கள், அவை துளிர்த்த பின் மீதிப் பாதியை வெட்டுங்கள். இப்படிச் செய்தால் வீட்டுப் பூஜைக்குப் பூவும் நிற்காது, செடியும் களைக்காது. வெட்டிய கிளையில் மறுபடி பூ வர இரண்டு மூன்று மாதம் ஆகும், பொறுமை வேண்டும்.

குண்டுமல்லி அந்தக் கணக்குக்கு விதிவிலக்கு, அதைத் துணிந்து வெட்டலாம். மல்லி பயிரிடும் விவசாயிகள் நவம்பர் கடைசியில் தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் விட்டு மொத்தமாகக் கவாத்து செய்வார்கள். சென்னையில் அந்த நேரம் மழை விட்டிருக்காது, ஆகவே நான் மார்கழி பாதி கழிந்தபின் செய்கிறேன். மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிட்டு, தரையில் உள்ள செடிக்குப் பத்து நாள் தண்ணீரைக் குறைத்து, பிறகு உரம் கலந்து நன்றாகத் தண்ணீர் விட்டால் மாசி பங்குனியில் மொட்டு வைக்கும். ஆனால் இது வேர் நன்றாக உள்ள செடிக்கு. வேர் அழுகிய மல்லியை இப்படி வெட்டினால் பிழைக்காது.

இட்லிப்பூ நிதானமான செடி. மொட்டைத் தண்டிலிருந்து துளிர்க்க அது நாள் எடுத்துக்கொள்ளும். வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு பழைய தண்டு என்று மூன்று வருடத்தில் புதுப்பியுங்கள். இலை வெளிறியிருந்தால் வெட்டுவதற்கு முன்பே அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலைமேல் தெளியுங்கள், மாதம் ஒருமுறை, புது இலை பச்சையாக வரும்வரை. தரை ஓட்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை போகாது.

நந்தியாவட்டையும் அரளியும் கடினமான கவாத்தைத் தாங்கும். வேர் நன்றாக இருந்தால் மிகவும் கிழடான செடியை இரண்டடி உயரத்துக்கு இறக்கினாலும் அடியிலிருந்து கிளைக்கும். மூன்றில் ஒரு பங்கு கணக்கை மீற அனுமதி உள்ள இன்னும் இரண்டு இவை.

காகிதப்பூவுக்கு வெட்டைவிட முக்கியம் தண்ணீரை நிறுத்துவது. மழைக்காலம் முழுக்க இலையாகத் தழைக்கும். மழை முடிந்ததும் நீண்ட கொடிகளைப் பாதியாகக் குறைத்து, புதுத் துளிர் ஒரு சாண் வந்தபின் இலை லேசாகத் துவளும்வரை காயவிட்டு ஊற்றுங்கள். தினமும் ஊற்றி, தழைச்சத்து உரமும் போட்டால் முள்ளும் இலையும்தான் கிடைக்கும்.

9. வெட்டியபின் முதல் ஒரு மாதம்

தண்ணீரைக் குறையுங்கள். இலை குறைந்துவிட்டதால் செடிக்கு முன்பு குடித்த அளவு தேவைப்படாது, பழைய அளவே ஊற்றினால் வேர் அழுகும். மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்தபின் ஊற்றினால் போதும்.

மேலே சொன்ன குண்டுமல்லி தவிர மற்றவற்றுக்கு உரம் கூடாது, குறிப்பாக யூரியா கூடாது. துளிர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளும்வரை காத்திருந்து, பிறகு தரைச் செடிக்கு இரண்டு கிலோ அளவில் மட்கிய தொழு உரம், தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம். பஞ்சகவ்யா கிடைத்தால் லிட்டருக்கு 30 மில்லி கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம். கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர் நல்லதுதான், ஆனால் பத்து மடங்கு தண்ணீர் சேர்க்காமல் ஊற்றாதீர்கள்.

மூடாக்கு போடுங்கள். காய்ந்த இலை, தேங்காய் மட்டை எது கிடைத்தாலும் இரண்டு மூன்று அங்குல கனத்துக்கு. தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளியே இருக்கட்டும். வெயில் முகத்தில் உள்ள செடி என்றால் மதிய வெயிலுக்குப் பழைய பருத்தி வேட்டியையோ பச்சை நிழல்வலையையோ இரண்டு வாரம் கட்டுங்கள்.

துளிர் நான்கைந்து கணு வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். ஒரு கிளை இரண்டாகும், பூக்கும் நுனியும் இரண்டாகும். காகிதப்பூவில் மட்டும் மொட்டு தெரியத் தொடங்கிவிட்டால் கிள்ளக் கூடாது.

10. துளிரைத் தேடி வரும் பூச்சி

இளம் துளிர் வந்த வாரமே செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்துவிடும். வெள்ளைப் பஞ்சு தெரிவதற்கு முன் எறும்பு வரிசை தெரியும். அந்தப் பூச்சி கசியும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. ஆகவே எறும்பு ஏறும் வழியைத் தடுங்கள், அடித்தண்டில் துணியைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவிவிடுங்கள். பஞ்சு தெரிந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரால் பலமாக அடித்துக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி திரவச் சோப்பும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். உச்சி வெயிலில் தெளித்தால் துளிர் கருகும்.

11. வெட்டிய கிளைகளை என்ன செய்வது

நோயில்லாத செம்பருத்தி, இட்லிப்பூக் கிளைகளில் பென்சில் கனத்தவற்றை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளை எடுத்துவிட்டு மணல் கலந்த மண்ணில் நிழலில் நட்டு வையுங்கள். ஆடியில் வைத்தால் நன்றாகப் பிடிக்கும். தாய்ச்செடி ஒருவேளை தேறாவிட்டாலும் அதே செடி கையில் இருக்கும், வயதான செடிகளுக்கு இதை நான் கட்டாயமாகவே செய்கிறேன்.

மாவுப்பூச்சி பிடித்த கிளையை மட்குக் குழியில் போடாமல் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அரளிக் கிளைகளைத் தெருவில் போடவே கூடாது, மாடோ ஆடோ தின்றால் செத்துப்போகும். எரிக்கவும் கூடாது, புகையும் நஞ்சு. தனியாகக் கட்டி, அரளி என்று சொல்லியே மாநகராட்சிக் குப்பை வண்டியில் கொடுங்கள்.